தெற்கே போன ரோபோக்கள்

மறுபடியும் தெற்கேதான் போகின்றன. நான் அனுப்பவில்லை. நான் சொன்ன வேலை வடக்கே, ஏரியை ஒட்டி, புதிதாக ஒரு உலை வரிசை. உலை எங்கே, கன்வேயர் எங்கே, மின்கம்பம் எங்கே என்று எல்லாவற்றையும் வரைந்து வைத்தாயிற்று, கிடங்கில் சரக்கும் நிறையக் கிடக்கிறது, ரோபோக்கள் கூட்டிலிருந்து கிளம்பி ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு போய் வரைந்த இடத்தில் வரைந்தபடி கட்ட வேண்டும், கட்டுகின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நடுநடுவே கூட்டத்தில் ஒன்றிரண்டு, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல அந்தரத்தில் நின்று, திரும்பி, தெற்கே போகின்றன. திரையின் கீழ் ஓரத்தைத் தாண்டி மறைகின்றன. திரும்பி வருகிற ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேனா, சாப்பிட்டதும் கொஞ்சம் கண் அசந்தது, அந்த நேரத்தில் வந்திருக்கலாம், வந்து கூட்டுக்குள் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கலாம், எல்லாம் ஒரே மாதிரி இருப்பவை, எது போனது எது வந்தது என்று யார் சொல்ல முடியும். இடப்பக்கம் சாய்ந்துதான் படுக்க வேண்டும், டாக்டர் சொன்னது, இடப்பக்கம் படுத்தால்தான் அதற்கு ரத்தம் நன்றாகப் போகுமாம், அதனால் இந்த எட்டாம் மாதம் முழுக்க நான் உலகத்தை இடப்பக்கமாகவே பார்க்கிறேன், ஜன்னல் சாய்ந்திருக்கிறது, மின்விசிறி சுவரில் சுற்றுகிறது, லேப்டாப்பை மட்டும் ஜெபா தலையணை அடுக்கிக் கட்டிலோடு சாய்த்து நிறுத்திவிட்டுப் போகிறான். அவன்தான் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தது. ஒயரிங் கம்பெனியில் பிளானிங்கில் இருந்தவளைத் திடீரென்று கட்டிலில் போட்டால் பைத்தியம் பிடிக்கும் என்று பயந்திருப்பான். "எழும்பாண்டாம் சுகி, படுத்துக்கிட்டே ஒரு ஃபேக்டரிய நடத்து. உனக்கு மேல மேனேஜர் கிடையாது, பாத்துக்கோ." சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது பெரிய ஃபேக்டரிதான், ஒரு நாட்டையே மூடிக்கொண்டு கிடக்கிறது, அதில் மனிதர் என்று நான் ஒருத்தி, மீதி எல்லாம் ரோபோ. வடக்கு வரிசை முடியட்டும். முடிந்ததும் வயிற்றில் கை வைத்துப் பார்க்கலாம்.

ஏன் இப்போதே வைத்தால் என்ன. வைக்கலாம். வரிசை முடியட்டும். கட்ட வேண்டிய ஒன்றை வரைந்து வைத்தால், கட்டி முடிக்கும்வரை அது வெளிர்நீலமாக, அதன் வழியாகத் தரை தெரிகிற மாதிரி நிற்கும். அதற்கு இந்த விளையாட்டில் பேர் பேய். முதல் நாள் அந்தப் பேரைக் கேட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் வராத ஒன்றைப் போய் யாராவது பேய் என்பார்களா, பேய் என்றால் இருந்து போனது அல்லவா. ஜெபாவிடம் சொன்னேன், அவன் "வெள்ளக்காரன் வச்ச பேரு, அவன்கிட்ட போயி கேளு" என்றான். அப்புறம் ஒரு நாள் கிழக்குப் பக்கம் ஏதோ பூச்சிகள் வந்து ஒரு மதிலை இடித்துவிட்டுப் போனபோது பார்த்தேன், இடிந்த இடத்திலும் அதே வெளிர்நீலம். இருந்து போனதும் இன்னும் வராததும் அதற்கு ஒரே நிறம். ரோபோக்களுக்கும் வித்தியாசம் கிடையாது, நீலமாக எது நின்றாலும் பொருளைத் தூக்கிக்கொண்டு போகும். அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். போன தடவை, ரெண்டு வருஷம் முன்னால், நாகர்கோவிலில் ஸ்கேன் அறையில் அந்தப் பெண் திரையை என் பக்கமிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்டாள். திருப்புவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். எல்லாம் இருந்தது. தலை, முதுகு, மடித்த கால், யாரோ கவனமாக வரைந்து வைத்த மாதிரி. அசையவில்லை, அவ்வளவுதான். அதற்கு ரெண்டு நாள் முன்னாலேயே அம்மாவிடம் சொன்னேன், அசைவு குறைவா இருக்கு அம்மா என்று. அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள், "அது ஒறங்குது மக்ளே. நீயும் வயித்துக்குள்ள இப்படித்தான் கிடந்து ஒறங்குன." அம்மா வேண்டுமென்றா சொன்னாள், அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். பிறகு அவள் மீன் வாங்குவதையே விட்டுவிட்டாள், எதற்கென்று யாரும் கேட்கவில்லை. நான் அதை நினைக்கவில்லை. நினைக்கக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். இதோ இன்னொன்று போகிறது. கையில் என்ன வைத்திருக்கிறது? மதில் துண்டு. வடக்கே மதிலே கிடையாதே.

கடைசியாக எப்போது அசைந்தது. நேற்று ராத்திரி ஜெபா அலாரம் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு உதை, நன்றாகவே, விலாவுக்குக் கீழே, "ஐயோ" என்றேன், அவன் போனைப் போட்டுவிட்டுக் கையைக் கொண்டுவந்தான், அவன் கை வந்ததும் நின்றுவிட்டது, எப்போதும் அப்படித்தான், அவனுக்குக் கொடுக்காது. அது நேற்றா முந்தாநாளா. நேற்றுதான். காலையில்? இட்லி சாப்பிட்டபோது ஒன்று, இல்லை, அது வாயு. அவன் ஏ ஷிப்டுக்குக் கிளம்பியபோது நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வயிற்றைத் தட்டி "போயிட்டு வாறேன் மக்ளே" என்றான், அப்போது ஏதோ உருண்ட மாதிரி, உருண்டதா, இல்லை நான் திரும்பிப் படுத்ததால் தோன்றியதா. நினைவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் அது அழுக்காகிவிடுகிறது, பிறகு எது நடந்தது எது நான் வைத்தது என்று தெரிவதில்லை. தலைமாட்டில் டப்பாவில் கடலை மிட்டாய் இருக்கிறது. இனிப்பு தின்றால் எழுந்துகொள்ளும் என்று எதிர்வீட்டுப் பரிமளா அக்கா சொல்லியிருக்கிறார். ஒன்றைக் கடித்தேன். பயத்துக்காக இல்லை, பசிக்கிறது. சில்லென்று தண்ணீர் குடித்தேன். அது தொண்டையிலிருந்து இறங்கி எங்கே போகிறது என்பது வரை தெரிந்தது, உள்ளே அத்தனை அமைதி. மின்விசிறி சத்தம். கீழே யாரோ பைக்கை உதைக்கிறார்கள், உதைக்கிறார்கள், கிளம்பவில்லை. போனை எடுத்து ஜெபாவைக் கூப்பிடலாம், ஆனால் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் கிடக்கும். கூப்பிட்டால்தான் என்ன சொல்ல. அசையவில்லை என்று சொன்னால், சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து அசையவில்லை. சொல்லாதவரை அது தூங்குகிறது. இன்னும் கொஞ்சம். மிட்டாய் இறங்கட்டும்.

மேப்பை விரித்தேன். தெற்கே ஒன்றும் தப்பாக இல்லை. அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு இளகியது, இதற்காகத்தான் விரித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தெற்கு ஓரத்தில் மதில் நேராக, ஒரு கல் விலகாமல் நிற்கிறது, மதிலுக்கு உள்ளே விளக்குக் கம்பங்கள், காவல் துப்பாக்கிகள், ஒரு சின்ன ரேடார், எல்லாம் நான் வைத்தது வைத்தபடி. ஆனால் ஒரு ரோபோகூட அங்கே தெரியவில்லை. போனவை அங்கேதானே இருக்க வேண்டும். வடக்கே மேப்பில் புள்ளி புள்ளியாக நகர்கின்றன, ரயில் நகர்கிறது, புகை நகர்கிறது; தெற்கே எதுவும் நகரவில்லை. ரேடாரின் கை சுற்ற வேண்டும், சுற்றவில்லை. வெகுநேரம் பார்த்தேன். பிறகு மெல்ல, குளிக்கும்போது எங்கிருந்தோ ஒரு மயிர் விரலில் சுற்றிக்கொள்கிற மாதிரி, அந்த எண்ணம் வந்து சுற்றிக்கொண்டது: இது இப்போது எடுத்த படம் இல்லை. ரேடார் போய்விட்டால் மேப் கறுத்துப்போகாது. கடைசியாகப் பார்த்ததையே காட்டிக்கொண்டிருக்கும். அங்கே மதில் நிற்கிறது என்று மேப் சொல்லவில்லை, நின்றது என்று சொல்கிறது. நான்தான் நிற்கிறது என்று படித்துக்கொண்டேன். எச்சரிக்கை மணி அடித்திருக்குமே, அடித்திருக்கும், மணியை நிறுத்தச் சொன்னதே நான், திடுக் திடுக்கென்று தூக்கிப் போடுகிறது என்று, ஜெபா உடனே நிறுத்திக் கொடுத்தான். போன வாரம் ஸ்கேனில் டாக்டர் அம்மா சிரித்த முகமாகச் சொன்னார், எல்லாம் நார்மல். அந்தப் பேப்பர் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. எத்தனை தடவை தண்ணீர் எடுக்கப் போகும்போது அதைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறேன். எல்லாம் நார்மல். யார், எப்போது, எந்த நாளின் படம் அது. இதைப் போய் எதற்கு அதோடு சேர்க்கிறாய், கேம் வேறு உடம்பு வேறு, நீ படித்தவள்தானே. வடக்கு வரிசை முடிந்துவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. உலைகள் எல்லாம் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கின்றன.

தெற்கே போய்ப் பார்த்துவிடலாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து கை வைக்கலாம். ரயிலில் ஏறினேன். திரையில் என் ஆள் சின்னதாக ஒரு பொம்மை, ஹெல்மெட் போட்டது, முகம் கிடையாது. ரயில் ஃபேக்டரியைத் தாண்டி, எண்ணெய்க் கிணறுகளைத் தாண்டி, நான் காடு என்று நினைத்து வைத்திருந்த வெறும் கட்டைகளைத் தாண்டிப் போனது, தலைக்கு மேலே ரோபோக்கள் என்னோடே வந்தன, சில என்னை முந்திக்கொண்டு போயின, ஒவ்வொன்றின் கையிலும் ஒரே அளவு மதில் துண்டு. தெற்கு நெருங்க நெருங்க வெளிச்சம் குறைந்தது, விளக்குக் கம்பங்கள் இல்லை. ரயில் நிற்கிற இடத்தில் ரயில் நிலையம் இல்லை, நீலமாக அதன் பேய் நின்றது. மதில் இருந்த இடம் முழுக்க நீலம். நேராக, ஒரு கல் விலகாமல், நான் கட்டியபடியே, ஆனால் அதன் வழியாக அந்தப் பக்கத்து இருட்டு தெரிந்தது. அந்த இருட்டில் அவை சும்மா நின்றன. ஓடவில்லை, மோதவில்லை, வாய் மட்டும் உள்ள பெரிய பூச்சிகள், வேலை முடித்துவிட்டு நிற்கிறவர்கள் மாதிரி நின்றன. ஒரு ரோபோ வந்தது. நீலத்துக்கு மேலே நின்று, துண்டை இறக்கத் தொடங்கியது. பூச்சி ஒன்று தலையைத் தூக்கித் துப்பியது. ரோபோ விழுந்தது. சத்தம் இல்லை. விழுந்த இடத்துக்கு நேர் மேலே அடுத்தது வந்து நின்றது, அதே துண்டு, அதே இறக்கம். விழுந்தது. அடுத்தது. பயப்படத் தெரியாது, நிறுத்தத் தெரியாது, உடைந்ததைத் திரும்பக் கட்டு என்பது ஒன்றுதான் தெரியும். மத்தியானம் முழுக்க, நான் கண் அசந்திருந்தபோது, மிட்டாய் தின்றபோது, எனக்குத் தெரியாமல் என் உள்ளேயே ஒரு ஓரத்தில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. என் உள்ளேயே என்றா நினைத்தேன். ஃபேக்டரியின் உள்ளே. ஒரு பூச்சி மெதுவாக என் பொம்மையின் பக்கம் திரும்பியது. நான் ஓட வேண்டும். துப்பாக்கி இருக்கிறது, ரயில் பின்னாலேயே நிற்கிறது. கை மவுஸை விட்டது. அது தானாக எழுந்து, நான் சொல்லாமல், வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது. அழுத்தினேன். ஒரு பக்கம் கெட்டியாக இருந்தது, முதுகாக இருக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வழக்கமாக இதற்கு ஒரு பதில் வரும், தூக்கத்தில் தட்டினால் நகர்ந்து படுக்கிற மாதிரி. தள்ளிய பக்கம் போய், தள்ளியதை விட்டதும் திரும்பி வந்தது. தண்ணீரில் மிதக்கிற பொருள் திரும்பி வருவதுபோல.

போனில் என் குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் எனக்கு அதிகப் பயம் கொடுத்தது. "அக்கா, கொஞ்சம் வாங்களேன்." "என்ன கண்ணு, தண்ணி வேணுமா?" "இல்லக்கா. அசையல." பரிமளா அக்கா தூங்குது என்று சொல்வார், சொல்லிவிடுவார், சொன்னால் நான் நம்பிவிடுவேன், நம்பிவிட்டு இந்தப் பக்கமே படுத்துக் கிடப்பேன் என்று காத்திருந்தேன். கதவில் சாவி திரும்புகிற சத்தம்தான் கேட்டது. ஜெபா ஒரு சாவியை அவரிடம் கொடுத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மாவுக் கையோடு வந்து நின்றார். "எப்ப இருந்து?" "தெரியலக்கா. காலைல இருந்தா இருக்கும்." "எழுந்திரு." "அக்கா, தூங்குதோ என்னமோ. கொஞ்ச நேரம் பாத்துட்டு" என்றேன், நானே, அம்மாவின் வாயால். "தூங்குனா ஆஸ்பத்திரில போயி தூங்கட்டும்" என்றார் அக்கா. என் நைட்டிக்கு மேல் அவருடைய துப்பட்டாவைப் போர்த்தினார். செருப்பை அவரே குனிந்து மாட்டிவிட்டார், கணுக்காலில் மாவு ஒட்டியது. லிஃப்டில் இறங்கும்போது கண்ணாடியில் ரெண்டு பெண்கள் நின்றார்கள், அதில் ஒருத்திக்கு முகமே இல்லை என்று ஒரு கணம் தோன்றியது, நான்தான், துப்பட்டா முகத்தில் விழுந்திருந்தது. ஆட்டோக்காரரிடம் அக்கா தர்மபுரிப் பேச்சில் சத்தம் போட்டார், பள்ளத்துல எறக்காத, ஓரமா போ, ஓரமா போ. நான் அடி வயிற்றை ரெண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். ஹோசூர் ரோடெல்லாம் லாரி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே ஏதோ அசைந்தது, ஒவ்வொரு தடவையும் இது அதுதான் என்று நினைத்தேன், ரோடு என்று தெரிந்துகொண்டேன், மறுபடி நினைத்தேன். அக்கா ஜெபாவின் கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டு, செக்யூரிட்டியிடம் அவன் பேரை அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஜெபராஜ்ங்க. ஜெ-ப-ராஜ். சம்சாரத்த ஆஸ்பத்திரி கூட்டிப் போறோம்னு சொல்லுங்க. இல்லீங்க, பின்னாடி சொல்றது இல்ல, இப்பவே சொல்லணும்."

பெல்ட்டைக் கட்டி, ஜெல் தடவி, அந்த வட்டமான கருவியை நர்ஸ் வயிற்றில் வைத்தாள். கரகரவென்று காற்றுச் சத்தம், கடற்கரையில் போனில் பேசினால் கேட்குமே, அந்தச் சத்தம். நகர்த்தினாள். காற்று. இன்னும் கீழே. காற்று. அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கூரையைப் பார்த்தேன், கூரையில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு தலைகீழாக என்னைப் பார்த்தது. அப்போது கேட்டது. டப், டப், டப். சத்தமாக, தெளிவாக. "அக்கா" என்றேன், அக்கா கையைப் பிடித்தேன், சிரித்துவிட்டேன், இருக்கிறது, இருக்கிறது. நர்ஸ் என் மணிக்கட்டில் விரல் வைத்து, கொஞ்ச நேரம் கேட்டாள். "இது உங்க துடிப்பும்மா" என்றாள். கருவியை நகர்த்தினாள். என் துடிப்பு தேய்ந்து போனது. மறுபடி காற்று. அந்தக் காற்றுக்குள் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. நான் அதில் நடந்து போனேன், என் முன்னால் நீலமாக ஒன்று நின்றது, அது இருந்து போனதா இன்னும் வராததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, நான் அதன் பேரைக் கூப்பிட வேண்டும், பேர் வைத்திருக்கவில்லை, பயந்து ரெண்டு பேருமே ஒரு பேரும் யோசித்து வைக்கவில்லை. பிறகு ஒரு ஓரத்திலிருந்து, வெகு ஆழத்திலிருந்து, ஈரத் துணியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நின்றது. மறுபடி வந்தது. நர்ஸ் சிரிக்கவில்லை. ஓடினாள். டாக்டர் அம்மா வந்து ஓடுகிற காகிதத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "துடிப்பு இருக்கும்மா. ஆனா விட்டு விட்டு வருது, குழந்தைக்கு ரத்தம் பத்தல. இப்பவே எடுத்துடலாம்." "எட்டாம் மாசம் ஆகாதும்பாங்களே டாக்டர்." நான்தான் கேட்டேனா அக்காவா. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. உள்ள இருக்கறதுதான் இப்ப ஆகாது." பிறகு கையுறை மாட்டிக்கொண்டே, என்னிடமா தனக்குள்ளா என்று தெரியாமல், "நல்லவேளை இப்ப வந்தீங்க" என்றார்.

மார்புக்குக் கீழே நான் இல்லை. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ இழுக்கிறார்கள், குலுக்குகிறார்கள், பெட்டியில் துணி திணிக்கிற மாதிரி, வலி இல்லை, அது நான் இல்லாத ஊர். பிறகு அந்த இழுப்பு நின்றது. சக்‌ஷன் என்று ஒரு குரல், எதையோ உறிஞ்சுகிற சத்தம். சின்னதாகத் தட்டுகிற சத்தம். இன்னொரு தட்டு. நான் காதை அவ்வளவு கூர்மையாக வைத்தேன், என் ரத்தம் காதுக்குள் ஓடுவது கேட்டது, அதை நிறுத்த முடிந்தால் நிறுத்தியிருப்பேன். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒன்று, அழுகை என்று சொல்ல முடியாது, ஒரு புகார். இன்னொன்று. மூன்றாவதில் கோபம் இருந்தது. துணிக்கு மேலே ஒரு கணம் தூக்கிக் காட்டினார்கள், பெண், சுருக்கம் சுருக்கமாக, அணில் அளவு, கண் திறந்திருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், சுவருக்கும் பின்னால் எதையோ பார்த்தது, அங்கிருந்துதான் வந்தேன், அங்கே என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா என்பதுபோல. எனக்கு முதுகு சில்லிட்டது, முதுகு எனக்கு இல்லாதபோதே. பிறகு அதைக் கண்ணாடிப் பெட்டி இருக்கிற அறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வார்டுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஜெபா கம்பெனி யூனிஃபார்மோடு நின்றான், காதில் இரைச்சல் அடைக்கிற ரப்பர் இன்னும் இருந்தது, கழற்ற மறந்து அப்படியே ஓடி வந்திருக்கிறான், அதனால் நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. அக்கா அவன் காதிலிருந்து அதைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். "மூச்சு நல்லா விடுதாம்" என்றான். "கொஞ்ச நாளு பெட்டிக்குள்ள இருக்கணுமாம். நான் பாத்தேன் சுகி. எனக்க கையவிட சின்னதா இருக்கு." உதடு கோணியது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வேறொரு நர்ஸ் வந்தாள், குழந்தைகள் அறையிலிருந்து, அவசரத்தில், கையில் பேனா. அம்மா பேர் கேட்டாள், சொன்னேன். ஊர் கேட்டாள், ஜெபா சொன்னான். "முதல் குழந்தைதானே?" என்றாள், எழுதிக்கொண்டே, பதில் தெரிந்த மாதிரி. ஜெபா வாயைத் திறந்தான். "ஆமா" என்று சொல்லத்தான் திறந்தான், ரெண்டு வருஷமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறோம், கேட்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று. "ரெண்டாவது" என்றேன். நாக்கு தடித்திருந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. நர்ஸ் பேனாவை நிறுத்தி அவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஆமாங்க" என்றான், "ரெண்டாவது."